வெற்றுப் போத்தலில் சூரை மீன்

கல்பிட்டி
09.02.2025

அன்புள்ள பலீல் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது? கால் புண் ஆறிவிட்டதா? மதினி நலந்தானே? இங்கே றுஸைனாவும் நானும் அல்ஹம்துலில்லாஹ், சுகம்.

என் கைபேசி எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் காகிதம். மதினி சம்பல் அனுப்பும் அந்தப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி திரும்பி வரும்போது இதையும் உள்ளே வைத்து அனுப்புகிறேன்.

போன மாதம் முதல் இங்குள்ள கடல் ஆய்வு நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. எந்தக் கடலில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பல நாடுகள் சேர்ந்து ஒரே முறையில் பார்த்துவரும் திட்டம் இது. நாங்கள் மீனைப் பிடிப்பதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகில் போய்ப் போத்தலில் கடல்நீர் எடுத்து, அங்கேயே வடிதாளில் வடித்து, அந்தத் தாளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம். ஓர் உயிர் நீந்திப் போன தண்ணீரில் அதன் தோலோ கழிவோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதன் மரபணுவைப் படித்து, இன்னது வந்து போனது என்று சொல்லிவிடுவார்கள். முடிவு உலகத் தரவுத்தளத்தில் ஏறும். சட்டம் போடுபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் இடம் சின்னக்குடா. நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடற்புல் அளந்த அதே குடா. படகில் விடிந்ததிலிருந்து பகல் வரை பாணும் மதினியின் சீனிச் சம்பலும்தான் சாப்பாடு. படகோட்டி லாபிர், "மாத்தளைச் சம்பல் வராட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டேன் சேர்" என்கிறான்.

ஒருமுறை வந்து பாருங்கள் நானா.

துஆவுடன்,
தம்பி ஸஜ்ஜாத்


மாத்தளை
02.03.2025

ஸஜ்ஜாத்துக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கால் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நோன்பு தொடங்கிவிட்டது. உனக்கும் றுஸைனாவுக்கும் இலேசாகட்டும்.

உன் எண்ணை ஏன் தடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே உனக்குத் தெரியும் என்று தெரிகிறது. உன் நிலையப் பணிப்பாளரின் பிரியாவிடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சின்னக்குடாவின் கடற்புல்லை உலகுக்கு முதன்முதலில் காட்டிய பெருந்தகை" என்று முழங்கினாயே, அந்தப் பெருந்தகை அங்கே கால் நனைத்ததில்லை. படகில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் நின்றவன் நான். ஆவுளியா புல் மேய்ந்துபோன தடத்தை நாடா வைத்து அளந்தவன் நான். அறிக்கை அவர் பெயரில் வந்தது. ஏன் என்று கேட்டேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பேராதனையில் விலங்கியல் படித்தவன் இன்று மிளகும் கராம்பும் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பேச்சின் காணொளியை ஹுஸ்னி மச்சான் கடைக்கே கொண்டுவந்து, "தம்பி நல்லாப் பேசுறார் என்ன" என்று காட்டிவிட்டுப் போனார். கடை நிறைய ஆள் இருந்தது.

உலகம் முழுக்கக் கடலைக் கண்காணிக்கிறார்களா? நல்ல காரியம். வேலை செய்தது யார், கையெழுத்துப் போட்டது யார் என்று கண்காணிக்கத்தான் இன்னும் ஒரு நாடும் சேரவில்லை.

சம்பலுக்கு எனக்கு நன்றி சொல்லாதே. ஜுனைதா மாசி இடிக்கும் சத்தத்தில் எனக்குத் தலைவலி வருவது மட்டும்தான் என் பங்கு. பெட்டியை வாங்கும்போதெல்லாம் பஸ் கொண்டக்டர் சசிக்குமார், "என்ன முதலாளி, கடலுக்கே சம்பல் போகுதா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். நான் சிரிப்பதில்லை.

வஸ்ஸலாம்.
பலீல்


கல்பிட்டி
18.05.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வர நினைத்தேன். நீங்கள் கதவைத் திறப்பீர்களா என்று தெரியாமல் நின்றுவிட்டேன். சுகந்தானே? மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?

பிரியாவிடைப் பேச்சை வேறு யாரோ எழுதித் தந்தார்கள், நான் வாசித்தேன். மன்னியுங்கள்.

இனி நல்ல செய்தி. பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எடுத்த நீருக்கு முதல் முடிவு வந்திருக்கிறது. பெப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஆவுளியா! நீங்கள் போன பிறகு அந்தக் குடாவில் கடற்பசுவைக் கண்டதாக யாரும் எழுதவில்லை. மீனவர்கள் சொல்வார்கள். கடலில் நிற்பவன் சொல்லுக்குக் கொழும்பில் மதிப்பில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே மணல் தோண்ட ஒரு கொம்பனி அனுமதி கேட்டிருக்கிறது. அதை முடிவு செய்யும் குழு செப்டெம்பர் 12இல் கூடுகிறது. தரவுத்தளத்தில் ஆவுளியா என்று இருந்தால் அனுமதி இல்லை. இல்லையென்றால் புல்லையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள். முடிவை வாசித்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். எண் தடை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மதினிக்கு ஸலாம். சம்பல் முடிந்துவிட்டது என்று லாபிர் சொல்லச் சொன்னான்.

தம்பி ஸஜ்ஜாத்


மாத்தளை
01.06.2025

ஸஜ்ஜாத்துக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடம்பு பரவாயில்லை. நீயும் றுஸைனாவும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே வாசித்தேன். சாதிக்காய் கொண்டுவந்திருந்த இரத்தோட்டை ஆள் ஒருவரைக் காத்திருக்க வைத்து இரண்டாம் முறையும் வாசித்தேன். ஆவுளியா குடாவின் வடக்குப் பக்கத்தில்தான் மேயும். தென்றல் எழும்பினால் உள்ளே வரும். ஏப்ரலில் அது வந்தது எனக்குப் புதுமையில்லை.

வெற்றுப் போத்தல் வைத்தாயா? சுத்தமான தண்ணீரை நிரப்பி, அதே படகில், அதே கையால், அதே வடிதாளில் வடித்து அனுப்பும் போத்தலைச் சொல்கிறேன். அதில் ஒன்றுமே வரக் கூடாது. ஏதாவது வந்தால் அது கடலிலிருந்து வந்ததல்ல, உன் கையிலிருந்து வந்தது. இதைச் செய்திருந்தால் உன்னை யாரும் அசைக்க இயலாது.

"வேறு யாரோ எழுதித் தந்தார்கள், நான் வாசித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். உன் பணிப்பாளரும் என் அறிக்கையை அப்படித்தான் வாசித்தார். நல்ல குருவிடம்தான் படித்திருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். சின்னக்குடாவுக்கு ஆவுளியா என்று எழுதும்போது, அதை அங்கே முதலில் பதிந்தவன் என்று என் பெயரைப் போட இடம் இருக்கிறதா? யோசித்து எழுது.

வஸ்ஸலாம்.
பலீல்


கல்பிட்டி
22.06.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்ததா? கால் எப்படி?

பெயரைப் பற்றிக் கேட்டேன். பழைய அறிக்கைக்காரர் பெயருக்குத் தரவுத்தளத்தில் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். கோபிக்காதீர்கள். இப்போது என் தலைக்கு மேல் வேறொன்று வந்து நிற்கிறது.

ஆய்வுகூடம் தரம் பார்த்ததில் எங்கள் போத்தல்களில் மாசு கண்டுபிடித்திருக்கிறது. சூரை மீன். கொழும்பில் பலயா என்பார்களே, அது. ஆழ்கடலில் திரியும் மீனுக்கு இடுப்பளவு தண்ணீர்க் குடாவில் என்ன வேலை? அதுவும் பரவாயில்லை, வெற்றுப் போத்தலிலும் சூரை! மாசு எங்கிருந்து வந்தது என்று காட்டினால் சூரையை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார்களாம். காட்டாவிட்டால் ஆவுளியாவையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால் மார்ச் மாதப் போத்தல்கள் மட்டும் சுத்தம். நோன்பு பிடித்துக் களைத்துப்போய், அரைக் கவனத்தோடு வேலை செய்த மாதம் அது. அதுதான் சுத்தம்!

படகில் மீன் இருந்ததா, மீன் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். சத்தியமாக இல்லை என்று எழுதினேன். மீன் வாசமே படக்கூடாது என்றுதானே பாணும் சம்பலும் கொண்டுபோகிறோம்.

நீங்கள் இந்த வேலையை அறிந்தவர். என்னவாக இருக்கும் நானா?

தம்பி ஸஜ்ஜாத்


மாத்தளை
20.07.2025

ஸஜ்ஜாத்துக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்து நாளாகிறது. கடையில் கராம்பு வரத்து.

இடமில்லை என்று எழுதியிருந்தாய். சரி. இடமில்லாதவனிடம் யோசனை கேட்பது என்ன முறை என்று எனக்குப் புரியவில்லை. உன்னோடு வெளிநாட்டு நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்வி சரி. நீ சொன்ன பதிலும், நம் வீட்டுப் பேச்சுப்படி பார்த்தால், சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

இனிமேல் சம்பல் வராது. மாசி விலை ஏறிவிட்டது, ஜுனைதாவுக்கும் கைவலி. கடைசியாகச் சம்பல் வந்த பெட்டியை நீயே வைத்துக்கொள். கடிதம் இருந்தால் தபாலில் அனுப்பு.

வஸ்ஸலாம்.
பலீல்


கல்பிட்டி
17.08.2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினிக்குக் கைவலி என்று எழுதியிருந்தீர்கள். டொக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஓர் எழுத்து என்றால் என்ன? விளங்கவில்லை. உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மட்டும் விளங்குகிறது.

கையுறையை மாற்றினேன். போத்தல்காரரை மாற்றினேன். படகைக் கழுவிக் காயவைத்தேன். கடைசியில் லாபிர்மேல் சந்தேகம் வந்தது. பின்னேரத்தில் அவன் மீன் காயவைக்கும் வாடியிலும் வேலை செய்கிறான். ஒரு நாள் அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். "சேர், கரையில மூணு தரம் சவுக்காரம் போட்டுத்தான் ஏறுறேன். துடுப்பைத் தவிர உங்கட சாமான் ஒண்டையும் நான் தொட்டதில்ல. அல்லாஹ்வுக்காக நம்புங்க" என்றான். நான் நம்பவில்லை. போன மாதத்தோடு அவனை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு எடுத்த நீரில் சூரை இல்லை. அவன்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மார்ச்சிலும் அவன்தானே படகோட்டினான்? அதனால் ஆய்வுகூடம் ஏற்கவில்லை. புதிய நீரில் ஆவுளியாவும் இல்லை.

குழு கூட இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. உங்களுக்கு என்மேல் கோபம். அந்தக் கோபம் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆவுளியா உங்களுக்கு என்ன செய்தது? தெரிந்ததை ஒரு வரியில் எழுதுங்கள்.

தம்பி


மாத்தளை
30.08.2025

ஸஜ்ஜாத்துக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஜுனைதாவின் கை பரவாயில்லை. நீ விசாரித்ததைச் சொன்னேன்.

கேட்டாய், எழுதுகிறேன். யோசித்துப் பார்த்ததில் இப்போதுதான் எனக்கும் தெளிந்தது.

சீனிச் சம்பலில் என்ன போடுகிறாள்? வெங்காயம், கொச்சிக்காய், சீனி, மாசி. மாசி என்றால் என்ன? சூரையை அவித்துப் புகையில் காயவைத்தது. மீன் சாப்பிட்டாயா என்று கேட்டால் நம் ஆட்களில் எவனும் மாசியை நினைக்க மாட்டான். கருவாட்டைக்கூட மீன் என்பான், மாசியை மட்டும் பலசரக்கு என்பான். கடையிலும் பெருங்காயத்துக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது. பாணில் தடவித் தின்ற கையோடு நீ கையுறையை மாட்டியிருக்கிறாய். சம்பல் வந்த பெட்டியிலேயே வடிதாளையும் வைத்து எடுத்துப் போயிருப்பாய். நோன்பு மாதத்தில் படகில் பாணும் இல்லை, சம்பலும் இல்லை, போத்தலும் சுத்தம். ஜூலையில் சம்பல் நின்றது, சூரையும் நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாசுக்கு மூலம் மாசி. ஓர் எழுத்துத்தான்.

ஆய்வுகூடத்துக்கு இப்படியே எழுது. ஆவுளியாவைப் போட்டு எவரும் சம்பல் செய்வதில்லை. ஆகவே அது கடலிலிருந்துதான் வந்தது. குழு கூடுமுன் எழுதினால் போதும்.

ஒரு நிபந்தனை. இதைக் கண்டுபிடித்ததற்கு என் பெயர் வர வேண்டும். முழுப் பெயர், முதலெழுத்துகளோடு: எம்.எச்.எம். பலீல், மாத்தளை. இந்த முறை இடமில்லை என்று சொல்லாதே.

இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

வஸ்ஸலாம்.
பலீல்


மாத்தளை
17.09.2025

அன்புள்ள ஸஜ்ஜாத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி ஜுனைதா எழுதுறது. நீங்களும் றுஸைனாவும் சுகமா? எனக்குக் கைவலி ஒண்டும் இல்ல, யாரு சொன்னா?

உங்க நானா எழுதின காயிதம் இதுக்குள்ள இருக்கு. உறையில விலாசம் எழுதி, முத்திரையும் ஒட்டி, கடையில தராசுக்குப் பின்னால வச்சிருந்தாரு. "போடல்லையா?"ண்டு கேட்டேன். "நாளைக்கு"ண்டாரு. அதுக்குப் பொறகும் ரெண்டு தரம் கேட்டேன். இண்டைக்குத் தூசு தட்டப் போனா அப்படியே இருக்கு. நான் திறந்து வாசிக்கல்ல. அதை அப்படியே இந்தப் பெரிய உறையில வச்சு நானே போடுறேன். அவருக்குத் தெரியாது.

தம்பி, ஒண்டு கேக்கணும். ஜூன்ல உங்க காயிதம் வந்த அண்டைக்கே இவரு அடுப்படிக்கு வந்து உரலைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. என்னண்டு கேட்டேன். "நீ பெரிய ஆளாயிட்ட, வெளிநாட்டுல உன்னைத் தேடுறாங்க"ண்டாரு. பொறகு சம்பல் அனுப்ப வேணாம்ண்டுட்டாரு. என் சம்பலால உங்களுக்கு வயித்துக்கு ஏதும் ஆச்சா? சுத்தமாத்தான் செஞ்சேன்.

துஆ செய்யுங்க.
மதினி


கல்பிட்டி
12.10.2025

பலீல் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலத்துக்கு துஆ செய்கிறோம்.

உங்கள் கடிதத்தில் தேதி ஓகஸ்ட் 30. அது வந்த உறையில் தபால் முத்திரை செப்டெம்பர் 17. இரண்டையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நீங்கள் சொன்னது சரி. சம்பல் வந்த போத்தலின் அடியில் ஒட்டியிருந்த பழைய மிச்சத்தையும் பெட்டியின் ஒரு துண்டையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அதே சூரை. சூரையைக் கழித்துவிட்டு, பெப்ரவரி, ஏப்ரல் ஆவுளியாப் பதிவுகளை ஏற்றுக்கொண்டார்கள். சின்னக்குடாவில் ஆவுளியா உண்டு என்று இப்போது உலகத்துக்கே தெரியும்.

குழு செப்டெம்பர் 12இல் கூடியது. அன்று அந்த இடத்துக்கு எதிரே "தரம் போதாது" என்று மட்டும்தான் இருந்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லையாம். மண் அள்ளும் பார்ஜ் வந்துவிட்டது. வடக்குப் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். தண்ணீர் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறது.

லாபிர் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. அவன் இல்லை. மனைவி ஜஸ்லா வாசலில் நின்றபடியே, "அவர் பார்ஜ் வேலைக்குப் போறார். அங்க யாரும் கையை மோந்து பாக்குறதில்ல" என்றாள்.

உங்கள் நிபந்தனையை மறக்கவில்லை. கண்டுபிடித்தவர் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. மாசின் மூலம் என்று ஓர் இடம் இருந்தது. அதில் இப்படி எழுதினேன்: "உலர்ந்த சூரை கலந்த சீனிச் சம்பல். தயாரிப்பு: எம்.எச்.எம். பலீல், மாத்தளை, இலங்கை." நீங்கள் கேட்டபடி முழுப் பெயர், எல்லா முதலெழுத்துகளோடும். எந்த நாட்டிலிருந்தும் எவரும் பார்க்கலாம். ஒருமுறை ஏறினால் இறங்காது என்கிறார்கள்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மதினியிடம் சொல்லுங்கள். அவர் சம்பல் சுத்தமானது.

ஸஜ்ஜாத்


மாத்தளை
26.10.2025

ஸஜ்ஜாத்துக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கால் புண் மறுபடி திறந்திருக்கிறது. றுஸைனாவை விசாரித்ததாகச் சொல்.

உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். நேற்றும் இன்றும் அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. அங்கே சிக்னல் குறைவு என்று நினைக்கிறேன்.

பதிவைப் பார்த்தேன். ஹுஸ்னி மச்சான் தன் கைபேசியில் திறந்து கடையில் சத்தமாக வாசித்தார். சசிக்குமாரும் நின்றான். "அப்ப கடலுக்கே சம்பல் போனது நெசந்தானே முதலாளி" என்றான்.

பார்ஜ் பற்றி எழுதியிருந்தாய். வடக்குப் பக்கம் என்றால் புல் மீளாது. அதை நான் அப்போதே அறிக்கையில் எழுதியிருந்தேன்.

இந்தக் கடிதம் ஒரு திருத்தத்துக்காக. சம்பல் செய்தது நான் அல்ல, ஜுனைதா. நான் அந்த உரலைத் தொட்டதுகூட இல்லை. அவளிடம் சொன்னேன், "எனக்கு என்னத்துக்குப் பேரு, நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாகப் பேச்சும் இல்லை. அது வேறு விஷயம். அவள் வேண்டாம் என்றாலும் பதிவு பதிவுதான், அது சரியாக இருக்க வேண்டும். உடனே அவர்களுக்கு எழுதி என் பெயரை எடுக்கச் சொல்.

ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பெயரைப் போடுவது அநியாயம். இருபது வருடமாக இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
எம்.எச்.எம். பலீல்